தானாக அணைகிற கம்ப்யூட்டர்

நெட்டுக்குப்பம்,
எண்ணூர்,
12.2.2003

மகள் கீர்த்திக்கு அப்பா ரகுபதி எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். காரைக்காலில் நீயும் உன் மாமனார் மாமியாரும் சுகம்தானே? கால் வீக்கம் வடிந்ததா?

மாப்பிள்ளை விமல் மஸ்கட்டிலிருந்து போன் செய்து, கம்ப்யூட்டர் சரியாகிவிட்டதா என்று கேட்டார். பிரசவத்துக்கு நீ இங்கே வந்து இருக்கும்போது உன்னையும் பிள்ளையையும் அங்கிருந்தே அதில் பார்க்கத்தானே ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போனார். அது போட்ட கொஞ்ச நேரத்தில் பட்டென்று தானாக அணைந்துவிடுகிறது.

நானும் விட்டேனா? கரண்டில் கோளாறு என்று பிளக்கை மாற்றினேன், ஸ்டெபிலைசர் வைத்தேன். ஒரு நாள் தொட்டுப் பார்த்தால், கூலிங் தண்ணீர் ஓடாத போட் எஞ்சின் மாதிரிக் கொதிக்கிறது. எல்லாம் உன் அம்மாவின் கைவேலை. அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்று அடித்தால் குடத்துக்கும் சோற்றுப் பானைக்கும் ஈரத்துணி போடுவாளே, அதே போல் ஓடுகிற கம்ப்யூட்டருக்கும் ஈரத்துண்டைப் போர்த்தியிருக்கிறாள். பானையும் இதுவும் ஒன்றா என்று கத்திவிட்டேன். துண்டை எடுத்த பிறகும் அது அணைந்துகொண்டுதான் இருந்தது.

நேற்று ரிப்பேர் கடை ஹென்றி வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே காற்றாடியில் சாம்பல் ஈரத்தோடு சேர்ந்து கெட்டியாக அப்பிக் கிடந்தது. பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டிப் பேப்பரில் கொட்டினார்.

"இன்னா நைனா, எவ்ளோ சாம்பல் கீது பாரு. வாங்கி மூணு மாசந்தான ஆவுது? சூடு தாங்காம தானா நிறுத்திக்குது, இல்லாங்காட்டி கருகிப் பூடும். இப்ப ஓடும். ஆனா திரும்ப அடச்சிக்கும்" என்றார்.

அவர் போன பிறகும் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் இருந்தது உனக்கென்று அம்மா வெள்ளையடித்து வைத்த அறையில். தூளி கட்ட நான் கொக்கி மாட்டிய இடத்துக்கு நேர் கீழே. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. நாங்கள் இருமிப் பழகிவிட்டோம். கம்ப்யூட்டருக்குத் தாங்காவிட்டால் நிற்கத் தெரிகிறது. பச்சைப்பிள்ளை மூச்சை நிறுத்தி வைக்க முடியுமா?

அதனால் வளைகாப்பு முடிந்து நீ இங்கே வர வேண்டாம். பிரசவம் காரைக்காலிலேயே நடக்கட்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வரத் துப்பில்லாத அப்பன் என்று உன் மாமியார் சொல்வார், ஊரும் சொல்லும். சொல்லட்டும். கம்ப்யூட்டரை லாரி பார்சலில் போடுகிறேன். அம்மாவை பஸ் ஏற்றி அனுப்புகிறேன்.

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று காலையும் அந்த அறையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு வாசலில் போய் நின்று இருமினாள். நான் சொன்னால் உடைந்து போவாள். 'டாக்டர் பயணம் கூடாது என்றார், நான் வரவில்லை' என்று நீயே சொன்னதாக இருக்கட்டும். உன்மேல் கோபப்படுவாள். எனக்காகப் பொறுத்துக்கொள்.

எல்லையம்மன் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றட்டும். இன்னொன்று, பிள்ளை பிறந்த பிறகும் அம்மாவைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதே. என் சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்வேன். அங்கே வந்ததும் அவளுக்கு இருமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

உன் அப்பா,
ரகுபதி