மசியலில் ஒரு கரண்டி

மார்ச் 4
மகள் சிட்டுவுக்கு இன்றும் உருளைக்கிழங்கு மசியலும் பாலும்தான். நான்கு வயதாகிறது; இவை இரண்டைத் தவிர எதற்கும் வாய் திறப்பதில்லை. பள்ளிக் கேன்டீனில் நான் சமைப்பதை ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வழித்துத் தின்றுவிட்டுப் போகிறார்கள்.

மார்ச் 7
டாக்டரிடம் கூட்டிப்போனோம். எடை குறைந்திருக்கிறது. இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டுமாம்.
"என் சமையல்லயா டாக்டர் கோளாறு?"
"பாதிக்கு மேல பிறவியிலேயே வர்றதும்மா. உங்க ரெண்டு பேர்ல யாரு இப்படி?"
என் கணவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.
"மீதி, வீட்டுல நாம நடந்துக்கிறது. கட்டாயப்படுத்தாதீங்க."

மார்ச் 8
நாத்தனார் வந்திருந்தார். "ரெண்டு வேளை பட்டினி போடு, தானா வழிக்கு வருவா." பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "இவன் மட்டும் என்னவாம்? பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும் வெறும் ரொட்டி. இப்பவும் காய்னா காத தூரம் ஓடுவான்."
"போக்கா, மானத்த வாங்காத."
கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் காய் போடாமல் தனியாகச் சமைக்கிறேன். அவருக்கென்றால் ருசி, இவளுக்கென்றால் பிடிவாதமா?

மார்ச் 11
கேன்டீனில் காலிஃப்ளவரை வேகவைத்து அரைத்து மசியலில் கலந்துவிடுவோம். வெள்ளையோடு வெள்ளை, ஒரு பிள்ளையும் கண்டுபிடித்ததில்லை. கலந்து கொடுப்பது கட்டாயமா என்ன? இன்று வீட்டிலும் கலந்தேன், ஒரே ஒரு கரண்டி.
முதல் வாயிலேயே நிறுத்திவிட்டாள். துப்பவில்லை, அழவில்லை. வாயில் வைத்தபடியே என் முகத்தைப் பார்த்தாள்.
"என்னம்மா போட்ட?"
"ஒண்ணும் போடலடி."
ஏன் சொன்னேன்? ஐயோ, எதுக்கு அப்படிச் சொன்னேன்?

மார்ச் 12
உருளைக்கிழங்கும் போச்சு.

மார்ச் 14
அவள் கண்முன்னாலேயே தோலுரித்து, மசித்துக் கொடுத்தேன். தட்டைத் தள்ளிவிட்டாள். இனி பால் மட்டும். இவர் தன் தட்டோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பாவுக்கும் காய் பிடிக்காதுடா." அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இதைச் சொன்னது நல்லதா, கெட்டதா — தெரியவில்லை. எனக்கு எதுவுமே தெரியவில்லை.

மார்ச் 17
நாளை மறுபடி எடை பார்க்க வேண்டும். பால் டம்ளரை முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தாள். நான் எடுத்து ஒரு வாய் குடித்தேன். என் தொண்டையில் அது இறங்குவதைப் பார்த்த பிறகுதான் வாங்கிக் குடித்தாள்.
பிறகு தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்தேன். அதையும் என் வாய்ப்பக்கம் நீட்டினாள்.
"நீ மொதல்ல."