மேடையின் உயரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பயலும் அம்மாவும் சுகமாக இருப்பதைத்தான் வாரா வாரம் போனில் பார்க்கிறேனே, ஆனாலும் எழுதிக் கேட்டால்தான் கடிதம் என்று ஆகும், அதனால் கேட்கிறேன், எல்லோரும் சௌக்கியம்தானே, பயலுக்குச் சளி விட்டதா. போனிலேயே சொல்லியிருக்கலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பயல் பிடுங்கிக்கொண்டு விழுந்த பல்லைக் காட்டுகிறான், பின்னால் அம்மா போகிறாள் வருகிறாள், நீ ஒரு காதில் என்னையும் இன்னொரு காதில் ஆபீசையும் வைத்திருக்கிறாய். இது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம். தனியாக இருக்கும்போது படி.

சமையலறை விஷயம்தான். சுவருக்குள் குழாய் வெடித்ததும், கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்த சிமெண்டுத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்ததும் உனக்குத் தெரியும். பாவம், அவர் சண்டைகூடப் போடவில்லை, துண்டை மேசைமேல் வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிளம்பர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, மேடையை உடைக்காமல் குழாயைத் தொட முடியாது என்றார். உடைக்கச் சொன்னேன். மேடையோடு சிங்க் போயிற்று, சிங்க்கோடு கீழ் அலமாரி போயிற்று, அலமாரிக்குப் பின்னால் சுவர் ஊறி உப்பியிருந்ததால் டைல்ஸும் போயிற்று. இப்போது நான் சமையலறை என்று சொல்வது நான்கு சுவர், ஒரு ஜன்னல், அடைப்பான் போட்ட குழாய் வாய், அவ்வளவுதான். ஒற்றை அடுப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து என் எழுதும் மேசையில் வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவுவது குளியலறையில், குனிந்து. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாணலி, அதற்கு இது போதும். நீதான் போனில், அரைகுறையாக ஒட்டுப்போடாமல் ஒரேயடியாகப் புதிதாகச் செய்துவிடுங்கள், ஆளை நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கள் என்றாய். சரி என்றேன். அம்மா அத்தனை வருஷம் நின்று சமைத்த மேடை கடப்பாரையில் பிளந்தபோது எனக்கு ஏதாவது தோன்றும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, தொட்டால் வேறு யாருடையதோ போல, அப்படி இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. இதைப் படித்துப் பயப்படாதே, வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சாயங்காலம் நடக்கப் போகிறேன்.

வேலை பார்த்த காலம் முழுக்க நான் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவன். மூன்று கொட்டேஷன் கைக்கு வராமல் ஒரு குண்டூசிப் பெட்டிகூட வாங்கியதில்லை. அதே மாதிரி இதற்கும் மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதலில் வந்தவர் மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டு ஷோரூம் வைத்திருப்பவர். டை கட்டிக்கொண்டு வந்து, கையில் இருந்த பலகை போன்ற கருவியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். எல்லாச் சமையலறையும் பளபளவென்று இருந்தது. எல்லாவற்றிலும் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது, சமைத்த அடையாளம் மட்டும் எதிலும் இல்லை. கலரைப் பற்றி மேடம்தானே சொல்ல வேண்டும், மேடம் எப்போது வருவார்கள் என்று கேட்டார். ஊரில் இல்லை என்றேன். அலமாரிக்குப் போடும் பலகையில் ஒரு சின்னத் துண்டு கொடுங்கள் என்று வாங்கி, ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பாலில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஊதிக் கிடந்தது. ஆனால் அவர் விடுவதாக இல்லை, வாரம் தவறாமல் கூப்பிட்டு மேடம் வந்துவிட்டார்களா சார் என்று விசாரிக்கிறார். நம் சொந்தக்காரர்கள்கூட இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

இரண்டாவது ஆள் உன் அத்தை அனுப்பியவர். தங்கமான மனுஷன், கைராசிக்காரர் என்று என் தங்கை ஒரே புகழ்ச்சி. வந்தவர் டேப் கொண்டுவரவில்லை, சாணால் சுவரை அளந்தார், குறித்துக்கொள்ள என்னிடம் பேனா வாங்கினார், போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் சமையலறை நின்றிருக்கும் என்றார். நீங்கள் செய்து முடித்த வேலை ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டேன். மனுஷன் தயங்காமல் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார், அதை மட்டும் பாராட்ட வேண்டும். அந்த வீட்டு அம்மாள் அவரைப் பார்த்ததும் நேரே உள்ளே போய் டிராயரை இழுத்தாள், முகப்பு மட்டும் கழன்று கையோடு வந்தது, அதைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தார். வேண்டாம் என்று சொன்னதில் அத்தைக்கு என்மேல் கோபம், பேசுவதில்லை. நீ ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசிவிடு, உன்னிடம் இளகிவிடுவாள். இதற்கு நடுவில் கல் கடைக்கும் டைல்ஸ் கடைக்கும் நடந்தேன். எல்லோரும் கறுப்புக் கல்லைத்தான் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், அழுக்குத் தெரியாதாம். அழுக்குத் தெரியாத மேடை எனக்கு எதற்கு என்று அம்மா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது, வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு கல் பார்த்து வைத்திருக்கிறேன். அதன்மேல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து துடைத்துப் பார்த்தேன், கறை பிடிக்கவில்லை. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும்.

மூன்றாவது, பிளம்பர் சொல்லி வந்த மேஸ்திரியம்மா. சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்கிற பெண்மணி, டைல்ஸ் ஒட்டுவது அவள் புருஷன், அவனையே வாடா போடா என்றுதான் அதட்டுகிறாள். பைக்கில் வந்து இறங்கி, பழைய குழாயைப் பார்த்து அதைப் போட்டவனைத் திட்டி, என்னையும் கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் வேலையைப் பேச ஆரம்பித்தாள். கலர் கேட்கவில்லை. இங்கே சமைப்பவர் யார், வந்து சுவரோரமாக நிற்கச் சொல்லுங்கள் என்றாள். அவள் வழக்கம் அதுதானாம். சமைப்பவர் நின்று முழங்கையை மடக்க வேண்டும், முழங்கைக்கு நாலு விரல் கீழே பென்சிலால் ஒரு கோடு, அதுதான் மேடை. மற்றவர்கள் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள், பிறகு பொம்பளைகள் இடுப்பு வலி என்று மாத்திரை போடுகிறார்கள் என்றாள். வீட்டுக்காரி ஊரில் இல்லை, அவளுக்குப் பதில் நான் நிற்கிறேன் என்றேன். அம்மா என் தோளுக்குத்தானே வருவாள், அதனால் முட்டியை மடக்கி இறங்கினேன். எவ்வளவு இறங்குவது என்று எனக்குத் தெரியும், அந்த ஜன்னல் கொக்கி அம்மாவின் கண்ணுக்கு நேராக இருக்கும், கொக்கி என் கண்ணுக்கு நேரே வரும்வரை இறங்கி, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கையை மடக்கிக்கொண்டு நின்றேன். மேஸ்திரியம்மா பென்சிலை எடுத்தாள், ஆனால் கோடு போடவில்லை. என்னைப் பார்த்தாள், திரும்பிக் கூடத்தில் இருந்த மேசையையும் அடுப்பையும் கவிழ்த்துவைத்த தட்டையும் பார்த்தாள்.

"ஐயா, நேரா நில்லுங்க. இங்க சமைக்கிறது நீங்கதானே?"

நான் நிமிரவில்லை. வீட்டுக்காரி வந்துவிடுவாள் என்றேன். எப்போது என்று கேட்டாள். அவள் கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை, கல் எப்போது வரும் என்று கேட்பது மாதிரித்தான் கேட்டாள். நான் கொக்கியைப் பார்த்தபடி அப்படியே மடங்கி நின்றேன். மேஸ்திரியம்மா குனிந்து அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டாள், பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி இன்னொரு கோடு போட்டாள். கல்லை ஒருதடவைதான் அறுக்கலாம், அடியில் சுவரையும் அதற்குத் தகுந்தபடிதான் கட்ட வேண்டும், எந்தக் கோடு என்று நீங்கள் சொல்லும்வரை நான் செங்கல்லைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு மறுபடி போய் முட்டியை மடக்கி நின்று பார்த்தேன். அதிக நேரம் நிற்க முடியவில்லை. வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டேன், அது முடிந்த விஷயம். அவள் சொன்ன அலமாரிப் பலகையையும் வாளியில் போட்டுப் பார்த்தேன், நெளியவில்லை. கோடுதான் முடியவில்லை.

அம்மா உன் பிரசவத்துக்கு என்று அங்கே போனவள். பயல் இப்போது ஷூவுக்குத் தானே கயிறு கட்டிக்கொள்கிறான். டிக்கெட் போட்டபோதெல்லாம் ஏதாவது வந்தது, ஒருதடவை அவனுக்குக் காய்ச்சல், ஒருதடவை உன் வேலை மாறியது, ஒருதடவை மாப்பிள்ளைக்கு ஆபரேஷன். எல்லாம் உண்மையான காரணம், சாக்கு என்று நான் எப்போதும் நினைத்ததில்லை. இப்போது காரணம் எதுவும் வருவதில்லை, டிக்கெட்டும் யாரும் போடுவதில்லை. எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, அது உனக்கே தெரியும். அங்கே அவளுக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது, சேர்ந்து நடக்கப் போகச் சிநேகிதிகள் இருக்கிறார்கள், போனில் சத்தமாகச் சிரிக்கிறாள், இங்கே அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. போன மாதம் பேசும்போது, நம்ம வீட்டில் குளியலறை விளக்கு எரிவதில்லை, மாப்பிள்ளை மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்கிறார் என்று சொன்னாள். நான் எழுந்துபோய் இங்கே குளியலறை விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. பிறகுதான் எந்த வீடு என்று புரிந்தது. அவளுக்கு அப்படிச் சொன்னது தெரிந்திருக்காது, நீ சொல்லிக்காட்டாதே. எனக்கு அதில் வருத்தமா என்று கேட்டால், இருக்க வேண்டும், இருக்கும், ஆனால் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தால் கைக்கு அகப்படவில்லை. அவள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை இப்படி எழுதிவிட்டேன், வாயால் சொல்ல வராது, நானாகக் கேட்டால் பாவம் பார்த்துக் கிளம்பி வந்துவிடுவாள், அப்படி வரக் கூடாது.

நீயும் ராத்திரி கண் விழித்து ஆபீஸ் வேலை பார்க்காதே, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்த் தெரிகிறது. மாப்பிள்ளையை அந்த விளக்கை மாற்றச் சொல், அம்மா இருட்டில் வழுக்கிவிடப் போகிறாள். பயல் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடுகிறானா பார். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, குழந்தையோடும் குடும்பத்தோடும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அப்பாவின் மனசு எப்போதும் உங்கள் பக்கத்தில்தான்.

ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. அம்மா சமையலறையில் இருக்கும்போது, சாதாரணமாக, மேடை எந்த உயரத்தில் இருக்கட்டும் என்று அப்பா கேட்கிறார் என்று கேள். அவ்வளவுதான் கேட்க வேண்டும். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்காதே, நான் முட்டி மடக்கி நின்றதைச் சொல்லாதே, எதையும் எடுத்துக்கொடுக்காதே. அவள் முழங்கையை மடக்கிக் காட்டினால் தரையிலிருந்து டேப் வைத்து அளந்து எழுது, கீழ்க்கோட்டில் கல் வைக்கச் சொல்கிறேன். அவருக்கு எது வசதியோ அப்படி வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னால் அதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே எழுது. மேல்கோட்டில் வைத்துவிட்டு நான் நேராக நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா