ஒரு தட்டு என்றால் நம்முடையது

திங்கட்கிழமை, காலை

அன்பு மகள் குண்டூசிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது முறை. முற்பாதி பொய், பிற்பாதி மட்டும் உண்மை. நீ தொலைபேசியை எடுப்பதில்லை. மின்னஞ்சலையும் திறப்பதில்லை என்று உன் அலுவலகத்துத் தாடிக்காரன் சொன்னான். ஆகவே தாளில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். வந்த உறையைக் கிழிக்காமல் வைத்திருக்கும் பொறுமை உனக்குக் கிடையாது. அது என் வழி வந்த குணம்.

உன் பாட்டுத் தளத்தை முடக்கியது நான் அனுப்பிய புகார். அதை என்னிடம் சொல்ல அந்தத் தாடிக்காரன் பட்ட பாடு பரிதாபம். புகார் கொடுத்தவர் என்று என் பெயர் வந்திருக்கிறதாம். "ஒருவேளை உங்க பேர்ல வேற யாராச்சும் விளையாடிட்டாங்களோம்மா" என்று மென்று விழுங்கினான். விளையாடும் வயதில் இருக்கும் ஒரே ஆள் நான்தான் என்றேன். பிறகு, "அக்கா மூணு நாளா ஆபீஸுக்கு வரலம்மா, கதவத் தட்டினாலும் திறக்கல" என்றான். அப்போதுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நானும் உன் அப்பாவும் காலைதோறும் திருடர்களைப் பிடிக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். எப்படிப் பிடிக்கிறோம் என்பது தெரியாது. பக்கவாதம் அவருடைய பேச்சையும் பாட்டையும் வலக்கையையும் கொண்டுபோயிற்று, காதை விட்டுவைத்தது. எட்டு மணிக்கு அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைப்பேன். அவர் பாடல்களைக் கேளாமல் எடுத்து இணையத்தில் போட்டிருப்பவர்களைத் தேடி, ஒவ்வொரு பாட்டாக ஒலிக்கவிடுவேன். அவர் இடக்கை விரலால் நாற்காலிக் கைப்பிடியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நம்முடையது. இரண்டு தட்டு என்றால் அவரைப் போல் வேறு யாரோ பாடியது. நாற்பத்தாறு ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகும் எனக்கு அந்த வேறுபாடு பிடிபடாது. அவருக்கு இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஒரு தட்டு விழுந்தவற்றைப் பட்டியலிட்டு, "இவற்றுக்கு நாங்கள் அனுமதி தரவில்லை என்று சத்தியமாக உறுதி கூறுகிறேன்" என்ற படிவத்தில் ஒப்பமிட்டு அனுப்புவேன். இன்று முப்பதை நீக்கினால் நாளை முப்பத்தைந்து முளைக்கும். நிறுத்தவில்லை. அவருக்கு ஒரு நாளில் இருக்கும் ஒரே வேலை அது.

புகார் அனுப்பிய அன்று பதினேழாவதாக உன் தளம் வந்தது. பாட்டுக்கு முன் ஒரு பெண் இருபது நொடி சலவைத்தூளின் பெருமையைப் பேசினாள். பிறகு உன் அப்பா பாடினார். ஒரு தட்டு விழுந்தது, எழுதிக்கொண்டேன். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். டம்ளரைத் தள்ளிவிட்டார். மேசையைத் துடைத்துவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

பக்கவாதத்தில் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவர் உனக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார் என்பதைத் தாடிக்காரன்தான் சொன்னான். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன் என்று அப்பாவும் மகளுமாக முடிவுசெய்திருக்கிறீர்கள். சரியான முடிவு, வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். "திருடனைத் துரத்தி மாளாதும்மா. கேக்கறவனுக்கு ஓசி, பாடினவங்களுக்குக் காசு, நடுவுல சோப்புக்காரன் குடுத்துட்டுப் போகட்டும். ஓசியில நல்லதாவே கிடைச்சா எவன் திருடுவான்?" என்று நீ முன்பொருமுறை வாதாடினாய். அப்படியானால் உன் அப்பா சோப்புக்குப் பின்பாட்டுப் பாட வேண்டுமா என்று கேட்டேன். அன்றைக்குப் பிறகு நீ அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை.

இப்போது அவசரமானது. தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனம் கொடுத்திருக்கும் பத்து வேலைநாள் கெடு அடுத்த புதனோடு முடிகிறது. அதற்குள் புகாரை நான் திரும்பப் பெற்று, அப்பா கையெழுத்திட்ட மூல ஒப்பந்தத்தையும் காட்ட வேண்டும். இல்லையேல் உன் ஆறு ஆண்டு உழைப்பும், உன்னை நம்பிப் பாட்டைக் கொடுத்த அறுபது பேரும் நிரந்தரமாக வெளியே. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள் என்பார்கள். நான் கொளுத்தியது உன் வீட்டை.

மாடி வீட்டு வக்கீல், "பொய்ச் சத்தியம்னு உங்க மேலயே கேஸ் திரும்பும், யோசிச்சுக்குங்கம்மா" என்றார். எழுபத்து நான்கு வயதில் என்னை உள்ளே வைத்தால் கஷ்டம் சிறைக்காரர்களுக்குத்தான் என்று சொல்லி, திரும்பப் பெறும் படிவத்தில் ஒப்பமிட்டுவிட்டேன். ஒப்பந்தம் உன்னிடம் இருக்கிறது. அதை அனுப்பு. கோபத்தைப் பிறகு அனுப்பலாம்.

உன் அம்மா

வியாழக்கிழமை, மதியம்

குண்டூசிக்கு,

கடிதத்தை நீயே ஒப்பமிட்டு வாங்கினாய் என்று கூரியர் அலுவலகத்தில் சொன்னார்கள். கதவைத் திறந்தாய் என்ற அளவில் நிம்மதி. படித்தும் நீ ஒப்பந்தத்தை அனுப்பவில்லை என்றால், நான் எழுதியதில் ஏதோ ஒன்றை நீ நம்பவில்லை. முப்பது ஆண்டு பல்கலைக்கழகத்தில் தர்க்கம் கற்பித்தவளுக்கு இதுகூட விளங்காதா?

நம்பாதது சரி. தண்ணீர் என்று நினைத்தேன் என்பது பொய்.

திருடன் பாடியவர் பெயரைப் போடமாட்டான். அந்தப் பக்கத்தில் உன் அப்பாவின் பெயர் பிழையில்லாமல் இருந்தது. கிதார் வாசித்தவர் பெயரும் இருந்தது. பாடியவருக்குப் பங்கு போகிறது என்று அடியில் ஒரு வரி. மூலையில், சின்னமாக, ஒரு குண்டூசி. மெலிந்திருந்தாலும் குத்துவாள் என்று அவர் உனக்கு வைத்த பெயரை உலகத்தில் எந்தத் திருடன் சின்னமாக வைத்துக்கொள்வான்? அவர் அனுமதி இல்லாமல் நீ போட்டிருக்கமாட்டாய் என்பதும், என்னிடம் மறைத்து அவர் அனுமதித்திருக்கிறார் என்பதும் ஒரே நொடியில் விளங்கின. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாலும் கெஞ்சினார். தெரிந்தேதான் அழுத்தினேன்.

ஏன் என்று கேட்பாய். அந்தக் குரல் இனி இந்த வீட்டில் எழாது. மிச்சமிருப்பது பதிவான பாட்டுகள் மட்டும். அவற்றின் வாசலில் ஒரு சலவைத்தூள்காரி நிற்கிறாள். அதனாலா, நீங்கள் இருவரும் என்னை வெளியே நிறுத்திவிட்டு ஒப்பந்தம் போட்டதனாலா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இரண்டாவதுதான் கனமாக இருக்கிறது. அற்பக் காரணம். அற்பக் காரணங்களுக்குத்தான் படித்தவர்கள் பெரிய சொற்களைத் தேடுகிறோம். நான் "திருட்டு" என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை யார் கண்ணிலும் படவிடாதே என்பது வக்கீலின் அறிவுரை. நான் சொல்வது வேறு. ஒப்பந்தத்தைத் தர மனமில்லை என்றால் இதைக் காட்டு. தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்தேன் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. உன் தளம் திறக்க இது உதவுமானால் பயன்படுத்து. என்னைப் பற்றி யோசிக்காதே.

உன் அப்பா அன்றிலிருந்து தட்டுவதில்லை. அப்பட்டமான திருட்டுகளைப் போட்டுக்காட்டினேன், விரல் அசையவில்லை. சூப்பை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் என்னையே பார்க்கிறார். நேற்று வந்த டாக்டர், இப்படியே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். எனக்குக் கெஞ்சத் தெரியாது. இருந்தும் அவர் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படிக்கட்டில் காலடி கேட்டால் மட்டும் தட்டுகிறார். மூன்று தட்டு. பால்காரருக்கும் மூன்று, வக்கீலுக்கும் மூன்று. மூன்றுக்கு எங்களுக்குள் பொருள் ஏதும் பேசிவைக்கவில்லை. நீ கல்லூரியிலிருந்து வந்து கதவைத் தட்டும் கணக்கு அது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

ஆகவே சென்ற கடிதத்தில் ஒரு திருத்தம். ஒப்பந்தத்தைக் கூரியரில் அனுப்பாதே; நீயே கொண்டு வா. கெடுவுக்கு நான்கு வேலைநாள் இருக்கின்றன. ஞாயிறு அதற்கு முன்னால் வருகிறது. அந்தக் கணினியை அவர் முன்னால் நீயே திற; முடங்கிய தளத்தின் பிரதி உன்னிடம் இருக்குமே. சலவைத்தூள்காரி தன் இருபது நொடியையும் பேசி முடிக்கட்டும். நான் வாய் திறக்கமாட்டேன்.

வாசற்கதவை நான் தாழிடுவதில்லை. ஆனாலும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடாதே. தட்டு. அவர் காதில் விழும்படி, மூன்று முறை.

உன் அம்மா