சூளைக்கு முன்னால் வியர்க்காத அப்பாவுக்கு

என் உயிர் அப்பா,

நேற்று நானும் கவிதாவும் சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். உங்கள் தம்பி மகளைப் பார்த்து நாள் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சர்க்கரை நோய் நாள்பட்டால் இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை இவற்றைக் கவனிக்கும் நரம்புகள் கெட்டுப்போகுமாம். அதற்கான பரிசோதனை. படுக்க வைத்து பிரஷர் பார்த்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தபோது மளமளவென்று இறங்கியிருந்தது. மார்பில் ஒயர் ஒட்டி, ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். மூச்சோடு துடிப்பும் கூடிக் குறைய வேண்டுமாம். சித்தப்பாவுக்கு ஒரே மாதிரி ஓடியது. நல்லதுதானே என்று நினைத்தேன். இல்லையாம்.

எழும்போது தள்ளாடினார். "பொறுமையா எழுந்திருப்பா, பஸ்ஸா பூடப்போவுது?" என்று அதட்டினாள் கவிதா.

"பொண்ணு இல்லீங்க டாக்டர், இவ எனக்கு மாமியாரு" என்றார் சித்தப்பா.

அப்படி அதட்ட எனக்கு வாய்க்கவில்லையே, அப்பா. நீங்களும்தான் பாயிலிருந்து எழும்போது சுவரைப் பிடிப்பீர்கள். பித்தம் என்றோம்.

"வேலை செய்யும்போது வேர்க்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா வேர்க்குதுங்க."

பொய். வேலை போய்விடுமோ என்று பயம். பீங்கான் கம்பெனியில் சூடு ஆறாத சூளையைப் பிரித்துச் சாமான் இறக்கும்போது எல்லோர் சட்டையும் வியர்வையில் ஊறிப்போக, உங்களுடையது மட்டும் காய்ந்திருக்குமே. "கல்லு உடம்புய்யா அண்ணனுக்கு" என்று சித்தப்பாவே பொறாமைப்பட்டிருக்கிறார். போன மாதம் என்னிடம் ரகசியமாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்: "அண்ணன் உடம்பு எனக்கும் வந்துட்டுது பாப்பா!" கவிதாவுக்கு அது தெரியாது.

நான் உடனே பேசவில்லை, அப்பா. எனக்குக் கிடைக்காதது அவளுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். உங்களைப் போலவே கீழிருந்து மேலாக.

"வேர்க்கிறதில்ல டாக்டர்" என்றேன்.

வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு இறங்காது, இனிச் சூளைப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். இதயத்தையும் பார்த்துவிட வேண்டும், இந்த நரம்பு கெட்டவர்களுக்கு மாரடைப்பு வந்தால்கூடச் சில சமயம் வலி தெரியாது என்றார். "அசதியா இருக்குது" என்று படுத்தவர் நீங்கள். வலியில்லாத சாவு, கொடுத்து வைத்தவர் என்று ஊரே சொன்னது. நானும் அதை நம்பித்தானே ஆறுதல் அடைந்தேன்?

"காட்டிக் குடுத்துட்டியே பாப்பா" என்று வழியெல்லாம் முறைத்தார் சித்தப்பா. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தயிர்சாதம் சாப்பிடும்போது அவர் நெற்றியில் வியர்வை கொட்டியது. அதுவும் இந்த நரம்புக் கோளாறுதானாம். உங்களுக்கும் அப்படித்தான் கொட்டும்; தயிர்சாதம்கூட உறைக்குதா என்று நாங்கள் சிரிப்போம். கவிதா துப்பட்டாவால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த பரிசோதனைக்கும் நான் போவேன், அப்பா. பொறாமையும் கூடவே வரும், வரட்டும். சித்தப்பா பொய் சொன்னால் அங்கேயே மறுபடி காட்டிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கவிதாவுக்கு அக்கா,
உங்களுக்கு மட்டும் மகள்.