வேறொருவர் விரித்த படுக்கை

மார்ச் 4

குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. தம்பி வந்திருந்தான். குழாயைப் பார்த்தான், வழுக்கும் தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, சுவரில் ஒரு கைப்பிடி வைத்துக் கொடு என்று அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எதுக்குக்கா? அடுத்த மாசம் அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்க்கத்தானே போறோம். அங்க சுவர் பூரா கைப்பிடிதான். மணி அடிச்சா ஆள் ஓடி வரும்."

அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "வார்டு ஆயாவா அத்தனை வருஷம் மணி அடிச்சா ஓடினவடா நான். எனக்கு ஓடத்தான் தெரியும், அடிக்கத் தெரியாது."

அவன் சிரிக்கவில்லை. கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்த பிள்ளைக்கு விடையைச் சொன்னால் மண்டையில் ஏறாது. கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். இதை எப்படிப் போட்டுக் காட்டுவது?

மார்ச் 6

இருபத்தெட்டாம் தேதி அம்மாவுக்கு எண்பது. என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"பெரிய ஊருக்குப் போயி ஒரு ஓட்டல்ல தங்கணும். வேற யாராவது விரிச்ச படுக்கையில படுக்கணும்."

"போன வருஷம் ஆஸ்பத்திரியில படுத்தியேம்மா."

"அது கணக்குல சேராது, டீச்சரம்மா. அங்க என்னையில்ல விரிச்சுப் போட்டாங்க!"

போகிறோம்.

மார்ச் 7

தம்பியிடம் போனில் சொன்னேன்.

"ரயில்லயா? இந்த இடுப்போடயா? அக்கா, வேலையோட சேர்த்து மூளையும் ரிட்டயர் ஆயிடுச்சா உனக்கு?"

கடைசியில் ஒரு பேரம். எந்த வம்பும் இல்லாமல் போய்த் திரும்பினால் இல்லத்துப் பேச்சை அவன் எடுக்க மாட்டான். ஏதாவது நடந்துவிட்டால் நான் வாய் திறக்கக் கூடாது. சரி என்றேன். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை — கேட்டிருக்க வேண்டாமா? பிறகு சொன்னேன். "போட்டது போட்டாச்சு, ஜெயிச்சுட்டு வா" என்றாள், நான் மட்டும் போவது போல.

மார்ச் 10

வகுத்தலை நான் ஒருநாளும் கரும்பலகையில் தொடங்கியதில்லை. ஆரஞ்சை உரித்து, சுளைகளைப் பங்கு போடச் சொல்வேன். ரயிலையும் வாசல்படியில்தான் தொடங்கினோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அது பழகியதும், தெருமுனையில் நின்றிருந்த காலிப் பேருந்தில் ஏறி இறங்கினோம். ஓட்டுநர் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "எங்கம்மா போகணும்?" என்றார்.

"எங்கயும் இல்லப்பா. ஏறத்தான் வந்தோம்."

மார்ச் 14

வலி. பயிற்சி இல்லை. "நான் என்ன உன் அஞ்சாம் வகுப்பா?" என்று அம்மா கத்தினாள். நானும் கத்தினேன். ச்சே.

மார்ச் 15

அம்மாவே வந்து எழுப்பினாள். வாசல்படிக்கு.

மார்ச் 27

வந்து சேர்ந்துவிட்டோம். ரயிலில் ஏறும்போது பின்னால் நின்ற ஆள் கைகொடுக்க வந்தார். "தொடாதீங்க, கால் மாறிடும்" என்றாள் அம்மா. பாவம், கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அறை சின்னது, சுத்தம். சன்னலுக்குக் கீழே பஸ் போகிறது. படுக்கை, துலக்கிய பாத்திரம் போலப் பளிச்சென்று வெள்ளை. அம்மா அதைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். ஒரு மூலையை உருவினாள்.

"என்னம்மா பண்ற?"

"மூலை தொளதொளன்னு இருக்குடி. ராத்திரி கால் வெளிய வந்துரும்."

நாலு மூலையையும் பிரித்து, தானே போட்டுத்தான் படுத்தாள். ஆசைப்பட்டது என்ன, செய்தது என்ன?

மார்ச் 28

பிறந்தநாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அம்மா எழுந்ததும் படுக்கையைப் போட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. நான் பள்ளிச் சுற்றுலாக்களில் அத்தனை வருடம் சொன்ன சட்டம் ஒன்று உண்டு: தங்கிய இடத்தை வந்தபோது இருந்தபடியே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அதன்படி நாற்காலியை ஒதுக்கினேன், குப்பையைக் கொண்டுபோய் வெளியே போட்டேன். சோப்பும் துண்டும் வீட்டிலிருந்து கொண்டுபோனவை. ஓட்டல் துண்டின் மடிப்புகூடக் கலையவில்லை. எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து, வார்டில் நோயாளியின் பெட்டியைத் தள்ளுவது போல, அம்மா கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து படகு பார்த்தோம். ஒரு பெரிய கடையில் எதுவும் வாங்காமல் எல்லாப் போர்வையையும் தடவிப் பார்த்தோம். கேக் சாப்பிட்டோம். "எண்பது மாதிரியே இல்ல" என்றாள்.

சாயங்காலம் திரும்பி வந்து கதவில் சாவி அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினேன். சிவப்பு. உள்ளேயிருந்து ஒரு குரல்: "யாரு?"

கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு ஓர் இளைஞர்.

நான் கதவிலிருந்த அறை எண்ணை மறுபடி படித்தேன். அம்மா சாவகாசமாக, "தம்பி, உங்க கட்டிலுக்கடியில எங்க பெட்டி இருக்கு" என்றாள்.

அவர் குனிந்து பார்த்து, "ஐயோ, ஆமா!" என்று அலறினார்.

துப்புரவுக்கு வந்த பெண் அறையைப் பார்த்து, யாரோ காலி செய்துபோய், வேறு யாரோ சுத்தமும் செய்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். கீழே வரவேற்பில் இருந்தவரும் இன்னோர் இரவு பாக்கி இருப்பதைப் பார்க்காமல் அறையைக் கொடுத்துவிட்டார். ஓர் ஆயாவும் ஒரு டீச்சரும் சேர்ந்தால்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தம்பி. 'எல்லாம் நல்லபடியா இருக்குடா' — சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. அம்மா போனைப் பிடுங்கினாள்.

"டேய், எங்க ரூமை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க! நான் பெட்டு போட்ட அழகுல!"

அவ்வளவுதான், தோற்றோம் என்று நினைத்தேன். அம்மா விடாமல் துண்டுக்காரர் வரைக்கும் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறானோ?

மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். "அம்மா... நாலு மூலையும் நீயேவா போட்ட? குனிஞ்சா?"

"பின்ன, நின்னுக்கிட்டா போடுவாங்க?"

"வலிக்கலையா?"

"அதையே இப்பத்தான்டா யோசிக்கிறேன்."

மேல்மாடியில் வேறு அறை கொடுத்தார்கள். அந்தத் துப்புரவுப் பெண்ணே விரிப்புகளோடு வந்தாள், முகம் செத்துப்போய். "உன் மேல தப்பில்லம்மா, போடு" என்றாள் அம்மா. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். விரிப்பு காற்றில் எழும்பி இறங்கியது. மூலை தொளதொளவென்றுதான் இருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண் போனதும் படுத்தாள். "நல்லா இருக்குடி" என்றாள். இப்போது தூங்குகிறாள். ஒரு கால் வெளியே வந்திருக்கிறது.

மார்ச் 29

வீடு. ரயிலிலிருந்து இறங்கும்போது நான்தான் கால் மாற்றி வைத்தேன்.

ஏப்ரல் 2

தம்பி போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அம்மா வாசல்படிப் பயிற்சியை விடவில்லை.

ஏப்ரல் 6

காலையில் தம்பி துளைபோடும் மிஷினோடு வந்தான். பேரத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினான். பிறகு பளபளவென்று ஒரு கைப்பிடியைச் சுவரில் வைத்துப் பிடித்து, "இந்த உயரம் சரியாம்மா?" என்றான்.

அம்மா பிடித்துப் பார்த்தாள். உட்கார்ந்து எழுந்து பார்த்தாள்.

"எனக்குச் சரிதான். ஆனா இன்னும் ஒரு விரக்கடை மேல வைடா. டீச்சரம்மாவுக்கும் வயசாகுதில்ல?"

அவன் உயர்த்திப் பிடிக்க, நானும் போய்ப் பிடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.