யாரும் சொல்லாத ஆற்றுத்துறை

அன்புள்ள டுஃபியே,

இங்கே எல்லாரும் நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் ஓரிடத்தில் உட்கார மறுக்கிறது. ஹாம்பர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்கு இருமல் என்றாயே, விட்டதா? மார்பை மூடாமல் வெளியே தூக்கிப்போகாதே.

நான் இன்னும் அசுவானோவில்தான் இருக்கிறேன், போவாடு மாமா வீட்டின் பின்னறையில். நாவலுக்குத் தகவல் திரட்டச் சில நாள் என்று வந்தேன், மழைக்காலமே முடியப்போகிறது. எழுதுகிறேன், எழுதியதை அடிக்கிறேன், எழுந்து முற்றத்தைச் சுற்றுகிறேன். கோழிகள்கூட என்னைக் கண்டால் ஒதுங்குகின்றன. பழைய போரில் நம் ஊர்த் தலைவர் ஓர் ஆற்றுத்துறையில் இறந்தது உனக்குத் தெரியும். அந்தத் துறையின் பெயர்தான் ஊரார் சத்தியம் வைக்கும் ஆணை. அதை உச்சரித்தால் போதும், நடக்கிற சண்டை அங்கேயே நின்று அரண்மனைக்குப் போகும், தோற்றவர் ஆடு கொடுக்க வேண்டும். அதனால் அங்கே என்ன நடந்தது என்று யாரைக் கேட்டாலும், அதைப் போய் ஏன் கிளறுற, வேற கதையா இல்ல என்பார்கள். நாவலின் நடுவில் பெரிய ஓட்டை. கடைசியில் துறைக்கு நானே ஒரு பெயரை இட்டுக்கட்டினேன். சாவையும் இட்டுக்கட்டினேன். வெள்ளம், மறுநாள் கரையில் தலைவரின் செருப்புகள் மட்டும். வெறுங்கால் மண்ணில் படக்கூடாதவர், தானாகக் கழற்றிவிட்டு இறங்கியிருக்கிறார். எழுதிய அன்று எனக்கே கை கூசியது.

மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, அதனால் ஒரு மாலை அந்த அத்தியாயத்தை முற்றத்தில் உரக்க வாசித்தேன். கிழங்கை ஃபூஃபுக் களியாக இடித்துக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதன்பின் ஊரின் வாய் திறந்துகொண்டது. நான் வைத்த பெயருக்குத் தடை இல்லையே. அதைச் சொல்லிச் சொல்லி, அங்க எங்க கொள்ளுத்தாத்தாவும் இருந்தாரு, எழுதிக்கோ என்று வந்தார்கள். எனக்குச் சந்தோஷம், தச்சர் ஒச்செரே வரும்வரை. அவர் கரையில் கிடந்த செருப்புகளைப் பற்றிச் சொன்னார். அது நான் எழுதினது அண்ணா என்றேன். மனிதருக்குக் கோபம். நீ எழுதினது எனக்கு எதுக்கும்மா, எங்க தாத்தா சொன்னாரு, நீ பொறக்கும் முன்னாடியே செத்தவரு என்றார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கேட்டதை எழுதுகிறேனா, எழுதியதைக் கேட்கிறேனா? பொய் என்றால் ஒரு தலைவரை வெறுங்காலோடு நிறுத்திவிட்டேன். உண்மை என்றால் அது எனக்குள் எப்படி வந்தது?

போன சந்தையன்று மீன்காரி அச்சியாவுக்கும் மீன் வாங்க வந்த மான்சாவுக்கும் தகராறு. ஒன் மீன பூனகூட மோந்து பாக்காதுடி, புழுத்ததை அடியில வச்சு விக்கிற என்று மான்சா கத்த, அச்சியா கூடையைக் கவிழ்த்து, என் மீன் புழுத்ததுன்னா இந்தா ஆணை என்று நான் இட்டுக்கட்டிய பெயரைச் சொல்லிவிட்டாள். சந்தையே நின்றுவிட்டது. மறுநாள் எல்லாரும் அரண்மனையில். மான்சா சிரித்தாள், அது ஆணையே இல்ல, இந்த அம்மா காகிதத்துல பண்ண எடம் என்று. இப்போதைய தலைவரின் பேச்சாளர் தடியோடு என் முன்னால் வந்து நின்றார். தலைவர் கேக்குறாரு, நீ எழுதின துறை அந்த இடம்தானா இல்லையா, நீயே சொல்லு தாயி என்றார்.

யோசித்துப் பார். இல்லை என்றால் பெயர் எனக்கு, நாவல் எனக்கு. அச்சியா வெறும் வாய்க்காரி ஆவாள். ஆமாம் என்றால் பெயர் ஆணையாகிவிடும், நான் அதைத் தொட முடியாது. பதிப்பாளர் வேறு தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சுற்றிப் பார்த்தேன். மான்சாவைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். தலைவர் தம் கால்களை இன்னும் உள்ளே இழுத்துச் செருப்புக்குள் அழுத்திக்கொண்டார்.

அந்த இடம்தான் என்றேன்.

கவிழ்த்த கூடையில் ஒரு புழுவும் இல்லை என்று சந்தையே சாட்சி சொன்னது, ஆட்டுச் செலவு மான்சாவின் தலையில். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், கதை கட்டினவ ஒருத்தி, ஆடு குடுக்கிறவ ஒருத்தியா என்று. நியாயம்தான். இனி அந்தப் பெயர் என் வாயிலும் வரக்கூடாது, தாளிலும் வரக்கூடாது என்று தீர்ப்பு. வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு, ஊரார் மாதிரியே 'அந்த இடம்' என்று எழுதிவருகிறேன். செருப்புகளை மட்டும் எடுக்கவில்லை. எடுக்கக் கை போகிறது, திரும்பிவிடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தாதே. நம் மூதாதையர் உன் வாசலைக் காக்கட்டும், குழந்தை நீண்டு வளரட்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே. முன்பு அனுப்பிய பழைய பிரதி உன்னிடம் இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறது. நீ நம் ஊர்ப் பெண். குழந்தைக்கு வாசித்துக் காட்டினால் அந்தச் சொல் வருமிடத்தில் வாயை மூடிக்கொள். ஏம்மா நிறுத்திட்ட என்று ஒருநாள் அவள் கேட்பாள். அப்போதும் சொல்லாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா அஃப்ராகோமா