இடப்பக்கமே இழுத்த ரோபோ

அம்மாவுக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா?

நான் லிஃப்ட் பழுதுபார்க்கிற காலேஜ்ல நாலு பிள்ளைங்க செஞ்ச ரோபோ இடப்பக்கமே இழுத்துச்சு. போட்டிக்கு ரெண்டே நாள். ஆளாளுக்குப் புரோகிராமை மாத்தி, சண்டை போட்டு, பேச்சையே நிறுத்திட்டாங்க. நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். உங்க தையல் மெஷின்ல சிக்குமே, அப்படி சக்கரத்துல நூல் சுத்தியிருந்தது! எடுத்துவிட்டேன்; பழைய புரோகிராமையே போட்டாங்க.

"அண்ணே, எதிர்ல நில்லுங்க"ன்னாங்க. ரோபோ நேரா விறுவிறுன்னு வந்து, என் காலுக்கு ஒரு சாண் முன்னாடி தானா நின்னுச்சு. உடம்பே சிலிர்த்துப் போச்சும்மா! இந்த ஊர்ல என்னைக் கண்டதும் நின்னது அது ஒண்ணுதான்.

சட்டையில ரெண்டு பட்டன் போச்சு. ஊசி அனுப்புங்க, நூலை நீங்களே கோத்து அனுப்புங்க. லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்களாம், ஓடறேன்.

உங்க பெரியவன்